முகத்துவாரத்தில் காளி கோயிலைத் தவிர என்ன இருக்கிறது?

வெள்ளவத்தைவாசி

வணக்கம். பெரியம்மாவின் மகன் அடுத்த மாதம் கனடாவிலிருந்து வருகிறார். 83 கலவரத்துக்குப் பிறகு ஆறு வயதில் கொட்டாஞ்சேனையை விட்டுப் போனவர். தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் ஒன்றும் வேண்டாமாம். "மீனவர்கள் இருக்கிற சின்னக் கடற்கரை ஒன்றைக் காட்டு. அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் மீன் வாங்குவாரே, அது மாதிரி" என்கிறார். அது கொழும்பின் வடக்குக் கரையில் இருக்கிற முகத்துவாரமாகத்தான் இருக்கும் என்று அம்மா சொல்கிறா.

நான் பிறந்து வளர்ந்தது கொழும்பில்தான். ஆனாலும் முகத்துவாரம் என்றால் எனக்குக் காளி கோயில் மட்டும்தான் தெரியும். போவோம், எலுமிச்சம்பழ விளக்கு வைப்போம், அதே ஓட்டோவில் திரும்புவோம். அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்ட ஏதாவது இருக்கிறதா? வரலாறு தெரிந்தவர்களும் எழுதுங்கள். அவர் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்.

டூவாக்காரன்

யோசிக்கவே வேண்டாம், நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். புறக்கோட்டையில் 240 பஸ் ஏறினால் சரி. பெரிய சந்தைக்குப் பக்கத்து மணலில் பாய் பாயாகக் கருவாடு காயும், அதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். ஒல்லாந்தர் கோட்டை வாசலில் 1678 என்று செதுக்கியிருக்கும். உள்ளே இப்போது சிறைச்சாலை, ஆகவே வாசலோடு நின்றுவிடுங்கள். புனித மரியாள் தேவாலயத்தை 1874இல் தொடங்கி 1922 வரைக்கும் கட்டினார்கள். மேற்கூரை ஓவியங்களைப் பார்த்துக் கழுத்து வலிக்கும். பெரிய வெள்ளிக்கிழமைக்கு வந்தால் நீர்கொழும்பிலேயே இருக்கிற எங்கள் டூவாவில் பாஸ்கு நாடகம், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவது.

முகத்துவாரத்தில் துறைமுக மதிலைத்தான் பார்க்கலாம்.

மட்டக்குளியான்

டூவாத் தம்பி, மதில் இருக்கிறது, ஓம். அந்த மதில் எப்படி வந்தது என்பதுதானே எங்கள் ஊர்க் கதை!

முதலில் பெயர். களனி கங்கை கடலில் விழுகிற இடம், அதனால் முகத்துவாரம். வெள்ளைக்காரன் வாயில் அது மட்வால் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஆங்கிலப் பலகைகளில் அப்படித்தான். சிங்களத்தில் மோதர, அதற்கும் கழிமுகம் என்றுதான் பொருள். மயில் என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மயிலுக்கு மொனர, இது மோதர, எழுத்தே வேறு. இப்போது ஆறு விழுவது கொஞ்சம் வடக்கே, எங்கள் மட்டக்குளிக்கும் வத்தளைப் பக்கத்துக்கும் நடுவில். ஆனால் பெயர் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. சின்னப் படகும் உண்டு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற பலநாள் படகும் உண்டு. கெலவல்லா (மஞ்சள்துடுப்புச் சூரை மீன்) ஏற்றுமதிக்குப் பேர்போன இறங்குதுறை. விடியக்காலை போனால்தான் போனது மாதிரி. பத்து மணிக்கு மேல் போனால் ஐஸ் தண்ணீரும் காகமும்தான் மிச்சம். கேட்டில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம், சும்மா கமராவைத் தூக்கிக்கொண்டு நுழைய விடமாட்டார்கள். அது சரியும்கூட. இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு வலையைக் கழற்றுகிற மனிதனின் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்புறம் காக்கைத்தீவு. தீவு என்று நினைத்துப் போகாதீர்கள், மட்டக்குளிக் கடற்கரை அது. முன்பெல்லாம் குப்பை, இப்போது பூங்கா போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மாலையில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் இரண்டு நிறமாகக் கலப்பது தெரியும், மழை பெய்து இரண்டு நாளுக்குப் பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். குளிக்க மட்டும் வேண்டாம். ஆற்று வாய்க்குப் பக்கத்தில் இழுவை இருக்கிறது, பார்க்கச் சாது மாதிரி இருக்கும்.

நெத்தலிப்பொரியல்

காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபமிட அரசியல்வாதிகளும் வருவார்களே, அதையும் காட்டலாம். தேர்தல் காலம் என்றால் இலவசம்.

கொட்டாஞ்சேனை அக்கா

மீனவர் கதை கேட்டால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சொல்லாமல் விடலாமா தம்பி? அந்தக் கோயிலே முகத்துவாரத்து மீனவர்களால் வந்ததுதான். அம்மம்மா எங்களுக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடை. குருமார் பகலில் தலை காட்ட முடியாது. அப்போது அந்தோனியோ என்று ஒரு சாமியார், வியாபாரி வேஷத்தில் திரிந்து இரவில் பூசை வைப்பார். ஒல்லாந்தர் மோப்பம் பிடித்துத் துரத்த, அவர் முகத்துவாரப் பக்கம் ஓடினார். அங்கே மீனவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் கரையைத் தின்று குடிசைகளின் வாசலுக்கே வந்துவிட்டதாம். "உன் சாமியிடம் கேட்டு இந்தக் கடலை நிறுத்து, நாங்கள் உன்னைக் காப்பாற்றுகிறோம்" என்றார்களாம். அவர் அலை அடிக்கிற இடத்தில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல் திட்டு எழும்பியது. சனம் எல்லாம் அவர் பக்கம் சேர, ஒல்லாந்தருக்கும் அவரை விட்டுவைக்க வேண்டியதாகிவிட்டது. அந்த இடத்தில் களிமண்ணால் அந்தோனியாருக்குச் சின்னக் கோயில் கட்டினார். செத்த பிறகு அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

அந்தோனியார் சுரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்தது. பெரிய கோயில் 1834இல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை போனால் இந்து, பௌத்தர், முஸ்லிம் என்று எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். திருநாள் ஜூன் 13.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டு இந்தக் கோயிலிலும்தான் வெடித்தது. அன்றைக்கு நான் தலைவலி என்று வீட்டில் நின்றுவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

பழையபேப்பர்

அக்கா எழுதியது நல்ல கதை. ஆனால் கடலரிப்பு தானாக நின்றும்விடும். தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் போகும், காற்று மாறினால் திரும்பி வரும். மேற்குக் கரையில் பல இடத்திலும் அப்படித்தான்.

கொட்டாஞ்சேனை அக்கா

தெரியும் தம்பி. அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்கும், அவ கடற்கரையில் பிறந்தவ. மூன்று நாளில் திரும்பியது என்பதுதான் கதை.

பழையபேப்பர்

சரி அக்கா, தோற்றேன். அதற்கு அபராதமாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கொழும்பு அப்போது பெரிய துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டுக் கிடக்கும், சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆபத்து. பெரிய நீராவிக் கப்பல்களுக்குக் காலிதான் துறைமுகம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கணக்கு மாறியது. 1875 டிசம்பர் 8ஆம் தேதி தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். வைத்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர், பிறகு ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனவர். 1885இல் அந்தச் சுவர் முடிந்தது. அதற்குப் பிறகு வடக்குப் பக்கமும் சுவர்கள் வந்தன. துறைமுகம் வடக்கே வளர வளர, கொச்சிக்கடையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் இருந்த திறந்த கரை வேலிக்கு உள்ளே போய்விட்டது. மட்டக்குளியான் சொன்ன மதில் அதுதான்.

அந்தோனியார் கோயில் வாசலில் நின்று பாருங்கள், கடல் தெரியாது. கடலை நிறுத்தச் சிலுவை நட்ட இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இப்போது துறைமுகம். எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் விசித்திரமாகப் படுவது இதுதான்.

இன்னொன்று. கல்கிசையில் இருக்கிற புனித தோமையார் கல்லூரி முதலில் முகத்துவாரத்தில்தான் இருந்தது. ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் 1851இல் தொடங்கினார். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரித் தூள் காற்றோடு வந்து பிள்ளைகளின் நெஞ்சில் படிகிறது என்று 1918இல் கல்கிசைக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போக முடிந்தது, மீனவர்கள் எங்கே போவது? கல்லூரியோடு கட்டிய கிறிஸ்து தேவாலயம் 1854இலிருந்து ஆங்கிலிக்கன் பேராலயமாக இருந்தது. 1973இல் பேராலயம் பௌத்தாலோக மாவத்தைக்கு மாறியது. பழைய தேவாலயம் இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

வெள்ளவத்தைவாசி

அடேயப்பா. நான் கேட்டது ஒரு காலைப்பொழுதுக்கு, நீங்கள் ஒரு வாரத்துக்கு வேலை தந்துவிட்டீர்கள். கோயிலுக்கு ஆயிரம் தடவை போயும் கடல் தெரியாததை நான் கவனிக்கவே இல்லை.

டூவாக்காரன்

நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கருவாடு பார்க்க எல்லாரும் வருகிறார்கள், ஆனால் நீர்கொழும்பில் உண்மையாகப் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாதது.

எங்கள் களப்பில் கட்டுவலை என்று ஒன்று உண்டு, சிங்களத்தில் கட்டுதெல். களப்பு கடலைத் தொடுகிற வாய்க்கால்களில் தடி நட்டு வலை கட்டுவார்கள். களப்புக்குள் வளர்ந்த இறால் இரவில் வற்றுநீரோடு கடலுக்குப் போகும், போகிற வழியில் வலையில் விழும். ஒரு இடத்தில் அள்ளலாம், பக்கத்து இடத்தில் ஒன்றுமே விழாது. அப்படியென்றால் நல்ல இடத்துக்கு வெட்டுக்குத்துத்தானே நடக்க வேண்டும்? நடப்பதில்லை. கடல் வீதி, கிராண்ட் ஸ்ட்ரீட், டூவா, பிட்டிபன என்று நாலு சங்கம். முறை வைத்துத்தான் இறங்குவார்கள், ஒரு சங்கத்தின் இரவில் மற்றச் சங்கம் வலை கட்டாது. சங்கத்துக்குள் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு நல்ல இடம் விழுந்த இரவில் அம்மா எங்களைத் தூங்கச் சொல்லமாட்டா, எல்லாரும் விழித்திருப்போம்.

பிறகு பாஷை. முன்னக்கரை, பலகத்துறை, கம்மல்துறை என்று இடப்பெயர் எல்லாம் தமிழ். எங்கள் தாத்தாமார் வீட்டிலும் படகிலும் தமிழ் பேசினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் சிங்களமாகிவிட்டது, அப்பா இரண்டும் பேசுவார், நான் இந்த எழுத்தைக் கொழும்பில் வேலைக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வயதில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெத்தலிப்பொரியல்

பிழை இல்லை, எங்களைவிட நன்றாக எழுதுகிறீர்கள். ஒரு சந்தேகம். நீர்கொழும்புக்குப் பக்கத்திலும் ஒரு கொச்சிக்கடை இருக்கிறதே. போன வருடம் மாமா ஒருவர் அந்தோனியார் கோயிலுக்கு என்று புறப்பட்டு 240இல் ஏறி அங்கே போய் இறங்கிவிட்டார். இரண்டு பெயரும் ஏன்?

பழையபேப்பர்

கொச்சியிலிருந்து வந்த வியாபாரிகள் கடை போட்ட இடம் கொச்சிக்கடை என்பார்கள். கடை ஒன்றோடு நின்றிருக்காது. மாமாவுக்கு என் அனுதாபம்.

இரண்டு ஊரையும் சேர்க்கிற ஒரு துணுக்கு. 1796இல் ஆங்கிலேயர் படை முதலில் நீர்கொழும்பைப் பிடித்து, அங்கிருந்து தெற்கே வந்து, களனியைக் கடந்துதான் கொழும்பை எடுத்தது. பிறகு 1802க்கும் 1804க்கும் இடையில் ஹமில்டன் கால்வாயை வெட்டினார்கள். முத்துராஜவெலச் சதுப்பு வயலில் ஏறியிருந்த உப்புத் தண்ணீரை வடிக்கத்தான் அது. ஒல்லாந்தர் வெட்டியது என்று எல்லாரும் சொல்வார்கள், அவர்களும் வாய்க்கால் வெட்டினார்கள், ஆனால் இந்தப் பெயரில் இருப்பது ஆங்கிலேயர் வேலை. நேரம் இருந்தால் வத்தளையிலிருந்து அந்தக் கரையோரமாகவே நீர்கொழும்புக்குப் போங்கள், 240 பிரதான பாதையைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

கரைப்பிள்ளை

இவ்வளவு எழுதுகிறோம், அங்கே எந்தச் சாதி வந்தது, பரவரா, கரையாரா, யார் முதலில் வந்தது என்று எவரும் சொல்லவில்லையே?

மட்டக்குளியான்

சொல்லலாம். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பரவர் வழியினர் பரதர் என்று இன்றைக்கும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருக்கிறார்கள். கரையாரும் இருக்கிறார்கள், சிங்களக் கராவர்களும் இருக்கிறார்கள், மலாய்க்காரர், முஸ்லிம்கள் எல்லாரும் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே. யார் முதல் என்று தொடங்கினால் இந்த இழை நாளைக் காலையில் பூட்டப்படும். போன வருடம் ஒன்று அப்படித்தான் போனது. விடுங்கள்.

நான் எழுத நினைத்தது வேறு. வருகிறவருக்கு அழகைக் காட்டுங்கள், ஆனால் இப்போதைய நிலைமையையும் சொல்லுங்கள். சின்னப் படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. அன்றைக்குக் காலையில் எங்கள் ஒழுங்கையில் படகு வைத்திருந்த மூன்று வீட்டில் ஒன்றுதான் கடலுக்குப் போனது. அந்த ஒன்றும் மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு, எண்ணெய்ச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு.

அதற்கு முந்தின வருடம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். 2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தது, ஜூன் 2ஆம் தேதி பின்பக்கம் தரைதட்டி மூழ்கியது. உள்ளே நைத்திரிக் அமிலம் 25 தொன். வெள்ளைப் பிளாஸ்டிக் குருணி பொங்கல் பச்சரிசி மாதிரிக் கரை எல்லாம் குவிந்தது. மீன்பிடியைத் தடை செய்தார்கள். பிறகு தடை நீங்கியும் சனம் மீன் வாங்கவில்லை, "வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருக்குமாம்" என்று. சித்தப்பா பாரையின் வயிற்றைக் கிழித்துக் கிழித்துக் காட்டித்தான் விற்றார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறு கோடி டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சித்தப்பா அதற்குள் படகை விற்றுவிட்டார்.

பலநாள் படகுக்காரருக்கும் பாடு உண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 தொடக்கத்திலிருந்து 2016 ஜூன் வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனை வாங்கவில்லை. கெலவல்லா விலை விழுந்து, கொழும்பில் சாதாரண வீட்டிலும் கெலவல்லாக் கறி மணத்தது. வாங்கினவர்களுக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

கொட்டாஞ்சேனை அக்கா

மீன் வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பிதுங்கி இருக்கிறதா என்று பாருங்கள். கண் உள்ளே போயிருந்தால் விடுங்கள். கீரிமீன் கிடைத்தால் தேங்காய்ப்பால் சேர்த்துக் கொறக்காப் புளி (குடம்புளி) போட்டு வையுங்கள், பழப்புளி வேண்டாம். கனடாவிலிருந்து வருகிறவருக்கு அது தெரிந்திருக்காது.

பழையபேப்பர்

மொத்தச் சந்தை எங்கே என்று கேட்டால், பெலியகொட என்று சொல்லுங்கள். புறக்கோட்டை சென்ட் ஜோன்ஸ் சந்தையிலிருந்து 2011இல் அங்கே போனது. பெரியப்பா சைக்கிளில் போனது அங்கே இல்லை.

வெள்ளவத்தைவாசி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சனிக்கிழமை விடியக்காலை நாலரைக்கு முகத்துவாரம் போனோம். கேட்டில் கேட்டோம், காவலர் அண்ணா ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு விட்டார். ஏலம் நடந்துகொண்டிருந்தது, இரண்டு பாஷையிலும், சில நேரம் ஒரே வசனத்துக்குள். கனடா அண்ணா வந்ததிலிருந்து சளைக்காமல் கேள்வி கேட்டவர், அங்கே வாய் திறக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து "இது இல்லை" என்றார். மணலில் நின்று வாங்கினார்களாம், அங்கே கொங்கிரீட். மீன் விற்ற அம்மா ஒருவரிடம் கேட்டோம். "மணலா? அந்தப் பக்கம் எல்லாம் போய் எவ்வளவு காலம், மகன்" என்று துறைமுகம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினா. கத்தி பிடித்த கை.

பிறகு கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய், வாசலில் நின்று கடல் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரியவில்லை. மாலையில் காக்கைத்தீவு. முதல் நாள் இரவு மழை, ஆற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கடலுக்குள் நீண்டுபோய்க் கிடந்தது. அண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். "இது அந்த இடம் இல்லை, ஆனால் மணம் அதுதான்" என்றார். மட்டக்குளியான் அண்ணா, நீங்கள் சொன்னபடி குளிக்க விடவில்லை.

டூவாத் தம்பி, அடுத்த நாள் கால்வாய்க் கரையோரமாக உங்கள் ஊருக்கும் வந்தோம். கருவாட்டு மணத்தில் எனக்குத் தலை சுற்றியது, அவர் இரண்டு கிலோ வாங்கிவிட்டார். கனடா சுங்கம் என்ன சொல்லுமோ தெரியவில்லை.

டூவாக்காரன்

வந்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டீர்களே! வீடு பாலத்துக்குப் பக்கத்தில்தான். கருவாட்டை மூன்று பையில் சுற்றச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

கீரிமீன் வாங்கினீர்களா, இல்லையா?

வெள்ளவத்தைவாசி

வாங்கினோம் அக்கா, ஒரு கிலோ. கொறக்காப் புளிதான். அம்மா மட்டும் பழப்புளி போட்டால்தான் கறி என்று இன்னும் கோபமாக இருக்கிறா.